விளக்கம் கேட்கும் உணர்வு: யூதக் கல்வியும் மலாக்காத் தமிழரும்

கி.பி. 70இல் ரோமப் படை எருசலேம் கோயிலை இடித்த பின்னர், யூத சமூகம் ஏறத்தாழ 1900 ஆண்டுகள் தனக்கென அரசின்றிப் பல நாடுகளில் சிதறி வாழ்ந்தும் தன் அடையாளத்தை இழக்காமல் இருந்ததற்குக் கல்வியே காரணம் என்று கூறுவது வழக்கம். தமிழ்ப்பள்ளிகளின் எதிர்காலம் பேசப்படும் மேடைகளிலும் இந்த எடுத்துக்காட்டு அடிக்கடி வந்துபோகும்; யூதரைப்போல் நமக்கும் மொழிப்பற்று வேண்டும் என்ற அறைகூவலோடு பேச்சு முடிந்துவிடும். இன்றைய இசுரேல் அரசின் செயல்களைப் பற்றிய விவாதம் வேறு. இங்கே எடுத்துக்கொள்ளப்படுவது அவ்வரசுக்கு மிகவும் மூத்த ஒரு கல்வி மரபு. அம்மரபை நெருங்கிப் பார்த்தால், வெறும் பற்றும் அதைத் தாங்கவில்லை, வெறும் ஏடும் தாங்கவில்லை என்பது தெரியவரும். பிள்ளையின் உள்ளத்தில் ஓர் உணர்வை எழுப்பிய கையோடு, அதற்கு விளக்கம் சொல்லும் கடமையைப் பெரியவர்கள் தலையில் சுமத்திய ஏற்பாடே அதன் உயிர்நிலை. மலேசியாவின் மலாக்கா மாநிலத்துத் தமிழரின் இருவேறு வரலாறுகளை இந்த ஏற்பாட்டின் அருகில் வைத்துப் பார்க்கும்போது, பண்பாடும் உணர்வும் கல்வியில் என்ன வேலை செய்கின்றன, எங்கே செய்யத் தவறுகின்றன என்பது ஓரளவு தெளிவாகிறது.

யூத மரபின் சட்டங்களையும் அவற்றின்மீதான வாதங்களையும் தொகுத்த பெருநூலான தால்முத், கோயில் இடிபடுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு தலைமைக் குருவாக இருந்த யோசுவா பென் கம்லா ஊர்தோறும் ஆசிரியர்களை அமர்த்தி, ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்குக் கல்வி கிடைக்க வழிசெய்தார் என்று நினைவுகூர்கிறது. ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள் என்ற வரம்பையும் அந்நூல் பேசுகிறது. இடைக்கால செருமனியில் வாழ்ந்த யூதரிடம், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளில் எபிரேய எழுத்துகள் எழுதிய பலகையில் தேன் தடவி, எழுத்தைச் சொல்லவைத்துப் பின்னர் அந்தத் தேனை நக்கச் செய்யும் சடங்கு இருந்தது. விசயதசமியன்று தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதவைக்கும் தமிழருக்கு இது அயலாகத் தோன்றாது. இரு சமூகங்களிலும் எழுத்து, பொருள் புரிவதற்கு முன்பே இனிய நிகழ்வாகப் பிள்ளையிடம் வந்து சேர்கிறது. ஆயினும் இத்தகைய தொடக்கச் சடங்கு வாழ்நாளில் ஒருமுறை நிகழ்வது. யூதக் கல்வியின் தனித்தன்மை, ஆண்டுதோறும் திரும்பி வரும் ஒரு விருந்து மேசையில்தான் முழுமையாக வெளிப்படுகிறது.

எகிப்தில் அடிமைகளாக இருந்த தம் முன்னோர் விடுதலை பெற்று வெளியேறியதை யூதர் பெசாக் என்னும் பண்டிகையாகக் கொண்டாடுகின்றனர். அதன் முதல் இரவில் வீட்டில் நடைபெறும் விருந்துக்குச் சேடர் என்று பெயர். மேசையில் புளிக்காத மாவில் சுட்ட மட்சா என்னும் தட்டை ரொட்டியும், அடிமை வாழ்வின் கசப்பைக் குறிக்கும் மாரோர் என்னும் கசப்புக் கீரையும், கண்ணீரை நினைவூட்டும் உப்புநீரும், செங்கல்லுக்குக் குழைத்த களிமண்ணின் நிறத்தில் பழமும் பருப்பும் கலந்த இனிப்புக் கூழும் வைக்கப்படுகின்றன. மட்சாவில் ஒரு துண்டை ஒளித்துவைத்து, அதைக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்குப் பரிசு உண்டு என்று சொல்லிச் சிறுவர்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும் பழக்கமும் உண்டு. சோறு வருவதற்கு முன்பே அந்த இரவின் மையம் வந்துவிடுகிறது: வீட்டிலேயே இளைய பிள்ளை எழுந்து, மற்ற இரவுகளிலிருந்து இந்த இரவு எவ்வாறு வேறுபட்டது என்று நான்கு வகையாகக் கேட்கிறது. அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் அகாதா என்னும் கதைநூல் முழுவதும் படிக்கப்படுகிறது.

இங்கே கவனிக்கத்தக்கது, கேள்வியைத் தற்செயலுக்கு விட்டுவிடாமல் மரபு அதைச் சட்டமாக்கியிருப்பது. பிள்ளை இல்லாத வீட்டில் மனைவி கேட்க வேண்டும்; தனியாக இருப்பவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்; அனைத்தும் அறிந்த இரு அறிஞர்கள் சேர்ந்து உண்டாலும் ஒருவரை ஒருவர் கேட்டாக வேண்டும் என்று தால்முத் விதிக்கிறது. அகாதா நான்கு வகைப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறது. அறிவுள்ளவனுக்கு ஒரு விடை. இதெல்லாம் உங்களுக்குத்தான், எனக்கென்ன என்று விலகி நிற்பவனுக்கு ஒரு விடை. எளியவனுக்கு ஒரு விடை. நான்காமவனோ கேட்கவே தெரியாதவன், ஆகவே அவனுக்குப் பெரியவரே பேச்சைத் தொடங்கிவைக்க வேண்டும். விலகி நிற்பவனுக்குக் கிடைப்பது கடுமையான விடைதான் என்றாலும் மேசையில் அவனுக்கும் இடம் இருக்கிறது. அவன் கேள்வியும் கேள்வியாகவே எண்ணப்படுகிறது. நாக்கில் பட்ட கசப்பு வியப்பாகிறது, வியப்பு கேள்வியாகிறது, கேள்வி கதையைக் கொண்டுவருகிறது, கதை ஏட்டுக்கு இட்டுச்செல்கிறது. இந்த வரிசையில் எந்தக் கண்ணி அறுந்தாலும் மற்றவை பயனற்றுப் போகும்.

அமெரிக்க யூதக் குடும்பத்தில் பிறந்து ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் கல்வித் தத்துவம் கற்பித்த இசுரேல் செப்ளர், 1977இல் அறிவுசார் உணர்வுகள் என்ற கருத்தை முன்வைத்து எழுதினார். உணர்வும் அறிவும் எதிரெதிர்த் துருவங்கள் என்ற பொதுக் கருத்தை மறுத்த அவர், வியப்பு, எதிர்பார்த்தது மெய்ப்படும்போது வரும் மகிழ்ச்சி போன்றவை அறிதலின் உறுப்புகளே என்று வாதிட்டார். இவ்வகையில் நோக்கினால், கல்வியில் உணர்வின் பணி மாணவரை நெகிழவைப்பதோடு நின்றுவிடுவதில்லை. அடுத்து என்ன அறிய வேண்டும் என்ற பசியை உண்டாக்குவதே அதன் பணி. நெகிழ்ந்தபின் எதையும் கேட்கத் தோன்றாத மனம் நல்ல பார்வையாளருடைய மனமாக இருக்கலாமேயொழிய, கற்பவருடைய மனமாகாது.

யூத வரலாற்றிலேயே இந்த வரிசை அறுந்துபோன இடங்கள் உண்டு. கிழக்கு ஐரோப்பாவில் ஆண்பிள்ளைகள் ஏடுகளில் மூழ்கிக் கிடந்த காலத்தில், பெண்பிள்ளைகளுக்கு வீட்டின் சடங்குகளும் சமையலும் போதும் என்று விடப்பட்டது. சடங்கின் உணர்வு அவர்களிடம் இருந்தது. அதன் காரணம் சொல்லப்படவில்லை. போலந்து மொழிப் பள்ளிகளில் உலக அறிவு பெற்ற அப்பெண்கள், வீட்டில் விளக்கம் கிடைக்காத சடங்குகளிலிருந்து விலகிச் செல்லத் தொடங்கியதைக் கண்ட சாரா செனிரர் என்ற தையற்காரப் பெண்மணி, 1917இல் கிராக்கோ நகரில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினார். அது பின்னர் பெயித் யாக்கோவ் என்னும் பெரிய பள்ளி இயக்கமாக வளர்ந்தது. இதற்கு மாறான நிலையைத் தமிழகத்துக்குப் பக்கத்திலேயே காணலாம். யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் சேர மன்னன் பாசுகர ரவி வர்மன் ஏறத்தாழ கி.பி. 1000இல் வட்டெழுத்தில் வழங்கிய செப்பேட்டைப் போற்றிவந்த கொச்சி யூதரிடையே, பெண்கள் வேதாகமக் கதைகளை மலையாளப் பாடல்களாக்கி, கையெழுத்துக் குறிப்பேடுகளில் எழுதிவைத்துத் திருமணங்களிலும் பண்டிகைகளிலும் பாடிவந்தனர். அச்சமூகத்தில் பெரும்பாலோர் 1950களில் இசுரேலுக்குக் குடிபெயர்ந்த பின்னரும் அக்குறிப்பேடுகள் உடன் சென்றன. புனித மொழி எபிரேயம், பாட்டு மொழி மலையாளம் என்ற இரட்டை நிலையிலும் உணர்வுக்கும் ஏட்டுக்கும் இடையிலான பாலம் அறுபடவில்லை. காரணம், பாட்டே விளக்கமாகவும் இருந்தது.

மலாக்காவில் இதே சிக்கலுக்கு இருவேறு உருவங்கள் உள்ளன. முதலாவது, மலாக்கா செட்டிகளின் வரலாறு. 15ஆம் நூற்றாண்டில், சுல்தான்கள் ஆண்ட காலத்தில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் வணிகர் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான சமூகம் இது. 1511இல் போர்த்துக்கீசியர் நகரைக் கைப்பற்றியபோது நைனா சாட்டு என்ற வணிகர் உயர்பதவியில் அமர்த்தப்பட்ட அளவுக்குத் தமிழ் வணிகர் அங்கே செல்வாக்குப் பெற்றிருந்தனர். ஒல்லாந்தர் காலத்தில், 1781இல், செட்டிகளின் தலைவருக்கு வழங்கப்பட்ட நிலத்தில் எழுந்த பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம், பொற்கொல்லர் தெருவாகிய ஜாலான் துக்காங் எமாசில், மசூதிக்கும் சீனக் கோயிலுக்கும் அருகே இன்றும் வழிபாட்டில் உள்ளது. செட்டிகளின் வீட்டுமொழி தமிழ்ச் சொற்கள் கலந்த ஒருவகை மலாய். பெண்களின் மரபுடை சாரோங் கெபாயா. பிள்ளை, செட்டி, படையாட்சி போன்ற பட்டப்பெயர்களும் சைவ வழிபாடும் மாறவில்லை.

காஜா பெராங் பகுதியில் உள்ள கம்போங் செட்டியில், பொங்கலுக்கு முந்திய போகியன்று முன்னோருக்குப் படைக்கும் சடங்குக்குப் பார்ச்சு என்று பெயர். வாழையிலைகள் வரிசையாக விரிக்கப்பட்டு, அவற்றில் சோறு, மீன், கோழிக் கறி, சம்பல், பலகாரங்கள் என்று மலாய்ச் சமையலும் தமிழ்ப் படையலும் பிரித்தறிய முடியாதவாறு பரிமாறப்படுகின்றன. பழங்கள் காய்க்கும் பருவத்தில் பழங்களைக் கொண்டு மற்றொரு பார்ச்சு நடக்கிறது. முத்து மாரியம்மன் கோயிலின் திருவிழா, பெரியம்மையைக் குறிக்கும் மலாய்ப் பெயராலேயே டத்தோ சாச்சார் என்று அழைக்கப்படுகிறது. மொழி போனால் எல்லாம் போயிற்று என்று மேடையில் முழங்குவோர் இந்த இலைகளின் முன் சற்று நிதானிக்க வேண்டியிருக்கும். தமிழ் பேசாமலேயே பல தலைமுறைகளாகத் தமிழ்ச் சைவச் சடங்கைக் காத்துவந்த சமூகம், பண்பாட்டு உணர்வு மொழியைவிட நீண்ட ஆயுள் கொண்டது என்பதற்குச் சான்றாக நிற்கிறது.

அதே சான்று மறுபக்கத்தையும் காட்டுகிறது. படையலின் முறையும் குடும்பத்தின் கதையும் பாட்டியிடமிருந்து பேத்திக்கு மலாயில் தடையின்றி வந்துசேர்கின்றன. ஆனால் அந்தச் சடங்குக்குப் பின்னாலிருக்கும் பதிகங்களும் புராணங்களும் இலக்கியமும் அவர்களுக்குத் திறக்காத கதவுக்கு அப்பால் நிற்கின்றன. கொச்சிப் பெண்கள் மலையாளத்தில் செய்துகொண்டதைப்போல, தமிழ் ஏட்டின் பொருளைச் செட்டி மலாய்க்குள் கொண்டுவரும் கல்வி ஏற்பாடு உருப்பெறவில்லை. இதை அச்சமூகத்தின் குறையாகச் சொல்வதற்கில்லை. ஒரு காலத்தில் மலாக்காவில் தமிழ் செல்வாக்குள்ள மொழியாகவே இருந்தது. அந்நகரில் பிறந்த மலாய் எழுத்தாளர் முன்சி அப்துல்லா, 1849இல் அச்சான தம் வரலாற்று நூலில், கணக்கு வழக்குக்கும் வணிகத்துக்கும் பயன்படும் என்பதால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது ஊர் வழக்கமாக இருந்ததையும், தாமும் அவ்வாறு கற்றதையும் குறிப்பிடுகிறார். அங்கே தமிழ்க் கல்வி கணக்கேட்டோடு சேர்ந்திருந்தது, படையலிலையோடு சேர்க்கப்படவில்லை. வணிகத்தின் மொழி மாறியதும் கணக்குக்காகக் கற்ற தமிழுக்கு வேலை முடிந்துவிட்டது. இலை மட்டும் எஞ்சியது.

இரண்டாவது, தோட்டத் தமிழரின் வரலாறு. தான் சாய் யான் என்ற தோட்ட முதலாளி 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டதும், பின்னர் புக்கிட் ஆசகானில் அதை விரிவாக்கியதும் மலாயாவின் ரப்பர் பெருக்கத்துக்குத் தொடக்கமாயின. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் பரவிய தோட்டங்களுக்கு, ஊரிலிருந்து ஆள்திரட்டும் கங்காணி முறையில் வந்தவர்கள், சிறு ஊர் ஒன்றையே பெயர்த்துக்கொண்டு வந்ததுபோல் லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் குடியேறினர். விடியற்காலைப் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு, நிரை பிரித்து மரம் வெட்டுதல், ஆயாக்கொட்டகையில் தூங்கும் குழந்தைகள், மாரியம்மன் கோயில், அதன் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் என்று எல்லாம் கூப்பிடு தூரத்துக்குள் அமைந்தன. தொடக்க காலத்தில் கங்காணியோ கிராணி எனப்பட்ட எழுத்தரோ பாடம் சொல்லித்தந்த பள்ளிகளும் உண்டு. பின்னர் வந்த ஆசிரியர்கள், தொழிலாளருக்குக் கடிதம் எழுதித் தருவோராகவும், திருவிழா நாடகத்துக்கு வசனம் சொல்லித்தருவோராகவும் விளங்கினர். வகுப்பில் படித்த மாரியம்மன் தாலாட்டும் லயத்து வாசலில் இறங்கும் கரகமும் ஒரே உலகத்தைச் சேர்ந்தவை. அங்கே பிள்ளைக்குக் கேள்வி எழ வேண்டிய தேவை இருக்கவில்லை. பண்பாடு சூழ்நிலையாகவே இருந்ததால் விளக்கம் கேட்காமலே ஒட்டிக்கொண்டது.

அந்தச் சூழ்நிலை நிலைக்கவில்லை. 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன; ரப்பர் இருந்த இடத்தில் செம்பனையும், பின்னர் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் வந்தன; பிள்ளைகளின் பெற்றோர் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி நகரத்துக்குச் சென்றனர். 1957இல் நாடு முழுவதும் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530 அளவில் உள்ளன, மலாக்காவில் 21. இவற்றுள் சில, தோட்டம் மறைந்த பின்னும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. பெயர் இருக்கிறது; அந்தப் பெயர் சுட்டிய வாழ்க்கை பிள்ளைக்குத் தெரியாது. சூழ்நிலை செய்துவந்த வேலையைப் பள்ளி தானே செய்ய வேண்டிய நிலை அப்போதுதான் வந்தது.

அவ்வேலையைப் பள்ளிகள் பெரும்பாலும் விழாக்களின் வழியே செய்ய முயன்றன. பள்ளித் திடலில் பானை பொங்குகிறது, வேட்டியும் பாவாடை தாவணியும் அணிந்த பிள்ளைகள் குரலெழுப்புகின்றனர், படம் எடுக்கப்படுகிறது, சிறப்பு விருந்தினர் பேசுகிறார். மறுவாரம் அதே பிள்ளை பொங்கல் பற்றிய கட்டுரையை மாதிரிக் கட்டுரைத் தொகுப்பைப் பார்த்து மனப்பாடம் செய்கிறது. 1988 முதல் 2021இல் கைவிடப்படும் வரை ஆறாம் ஆண்டு மாணவரை அளந்துவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வுக் காலத்தில் இப்பழக்கம் வேரூன்றியது. தேர்வு நீங்கிய பின்னும் பழக்கம் எளிதில் நீங்கவில்லை. கட்டுரையில் உழவரும் கதிரவனும் நெல்வயலும் இடம்பெறுகின்றனர். பால்மரக் காட்டில் உளி பிடித்த தாத்தா, வயலே இல்லாத தோட்டத்தில் ஏன் பொங்கல் வைத்தார் என்ற கேள்வி மட்டும் இடம்பெறுவதில்லை. உண்மையில் அந்தக் கேள்விதான் மலாக்காவின் பொங்கலை மலாக்காவின் பொங்கலாக்குவது. அதற்கு விடை சொல்லப் புகுந்தால் குடியேற்றத்தின் வரலாறும், தஞ்சைப் பக்கத்து ஊர்களின் நினைவும், கம்போங் செட்டியின் போகிப் படையலும் வகுப்பறைக்குள் வந்தாக வேண்டும்.

உணர்வு அறிவுக்கு இட்டுச்சென்ற முன்னுதாரணம் மலாயாத் தமிழருக்கு வெளியே தேட வேண்டியதில்லை. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1952இல் சாதி, சமயப் பிரிவுகளைக் கடந்த தமிழர் திருநாளைத் தொடங்கியபோது, அது தோட்டங்களில் பேச்சு, கட்டுரைப் போட்டிகளோடு கொண்டாடப்பட்டது. அவருடைய நாளிதழின் மாணவர் மணிமன்றம் எழுதத் தொடங்கும் பிள்ளைகளுக்கு மேடையாயிற்று. அன்று சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் தமிழ்க் கல்விக்காக அவர் முன்னின்று திரட்டிய நிதிக்குத் தமிழ் எங்கள் உயிர் என்றே பெயர். உயிர் என்ற சொல் கிளப்பிய உணர்ச்சி ஒரு கூட்டத்தின் கைதட்டலோடு கரைந்துவிடாமல், புத்தகமாகவும் துறையாகவும் உருமாறியது. உணர்ச்சிக்கு ஓர் ஏட்டை இலக்காக வைத்ததே அம்முயற்சியின் நுட்பம்.

உணர்வு என்றதும் துயரத்தை மட்டுமே எண்ணுவது மற்றோர் ஆபத்து. யூத வரலாற்றைக் கண்ணீரின் தொடர்கதையாக மட்டும் எழுதுவதை வரலாற்றாசிரியர் சாலோ பேரன் 1928இலேயே எதிர்த்தார். பின்னர் நிகழ்ந்த நாசிப் பேரழிவு அந்தக் கண்ணீருக்கு மறுக்க முடியாத காரணத்தைத் தந்தபோதிலும், பிள்ளைகளின் அடையாளத்தைப் பேரழிவின் நினைவின்மீது மட்டும் கட்டலாமா என்ற விவாதம் யூதக் கல்வியாளரிடையே ஓயவில்லை. மலேசியத் தமிழருக்கும் 1942க்கும் 1945க்கும் இடையே சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு மீளாதவர்களின் நினைவு உண்டு, ஆர். சண்முகத்தின் சயாம் மரண ரயில், அ. ரெங்கசாமியின் நினைவுச்சின்னம் ஆகிய நாவல்கள் அதைப் பதிவுசெய்துள்ளன. அந்த நினைவு வகுப்பறைக்குள் வரத்தான் வேண்டும். ஆனால் காயத்தை மட்டும் பெற்ற பிள்ளைக்கு அது இரக்கத்தையோ சினத்தையோ தரும். அக்காலத்து மக்கள் என்ன பாடினர், எதைப் படித்தனர், எதற்குச் சிரித்தனர் என்பதும் சேர்ந்து கிடைத்தால்தான் அவர்களோடு உறவு உண்டாகும். சேடர் மேசையில் கசப்புக் கீரையை இனிப்புக் கூழோடு சேர்த்தே உண்ணும் வழக்கம் இந்த அறிவையே நினைவூட்டுகிறது.

யூதரின் முறையை அப்படியே எடுத்து நடவு செய்ய இயலாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே கேட்பதும் விடையளிப்பதும் சமயச் சட்டம். தவறினால் பண்டிகையே முழுமை பெறாது. தமிழர் சடங்குகளில் இத்தகைய விதி இல்லை. பிள்ளை கேட்டால் நேரம் கிடைக்கும்போது சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். மேலும், பிள்ளை பெரியவரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணும் வீடுகள் இன்னும் உள்ளன. ஆகவே சமயம் விதிக்காத கடமையை நிறுவனங்கள்தான் விதித்துக்கொள்ள வேண்டும். பிராங்பர்ட் நகரில் பிரான்சு ரோசன்சுவைக் 1920இல் தொடங்கிய முதியோர் கல்விக்கூடம் இதற்கு ஒரு வழியைக் காட்டுகிறது: மரபிலிருந்து விலகி வளர்ந்த யூதர்களைக் குற்றவாளிகளாக நிறுத்தாமல், அவர்கள் வாழ்ந்துகொண்டிருந்த வாழ்க்கையிலிருந்தே ஏட்டை நோக்கித் திரும்பும் பாதையை அது அமைத்தது. தமிழ் அறியாத செட்டிக் குடும்பத்து இளைஞருக்கும், தமிழ் அறிந்தும் தோட்டம் அறியாத, தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதியில் வளரும் பிள்ளைக்கும் அத்தகைய பாதை ஒரே வகுப்பறையில் சாத்தியம். ஒருவரிடம் சடங்கு இருக்கிறது, மற்றவரிடம் எழுத்து இருக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் கேட்க வைக்கப்பட்டால் இருவருக்கும் ஆசிரியர் கிடைத்துவிடுவர்.

பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கோயில் நிர்வாகமும் ஆண்டுதோறும் விழாவுக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியை, மேடைப் பேச்சிலிருந்து எடுத்துப் பிள்ளைகளின் கேள்விகளுக்கு ஒதுக்குவதற்குப் பெரும்பணம் தேவையில்லை. தேவைப்படுவது விடை சொல்லத் தயாராகும் உழைப்பு. ஏனெனில் பிள்ளை உண்மையாகவே கேட்கத் தொடங்கினால், பெரியவர்களில் பலர் மீண்டும் படிக்க நேரிடும். யூதக் கல்வி நீடித்து நின்றதற்கான காரணம் அங்கேதான் இருக்கிறது: அது பிள்ளைகளை மட்டும் மாணவராக்கவில்லை, விடை சொல்லக் கடமைப்பட்ட ஒவ்வொரு தலைமுறைப் பெற்றோரையும் சேர்த்தே மாணவராக்கியது.